குடியிருப்பு இல்லை

சட்னியில் உப்பு போதாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போதும் என்றேன் நான். அவர் எழுந்துபோய் ஒரு சிட்டிகை உப்பைக் கிள்ளி வந்து தன் தட்டிலேயே கலந்து, "இப்பத் தின்னு பாரு" என்று என் பக்கம் தள்ளினார். ஒரு வாய் தின்றேன். அவர் சொன்னதுதான் சரி. அதை நான் சொல்வதற்குள் ஜீப்காரன் ஹாரன் அடித்துவிட்டான். ஐப்பசி மாதம், காலை ஏழு மணி. மூக்குக்கண்ணாடி மாற்ற நான் அடிவாரத்துச் சின்னக்கோம்பைக்கு இறங்கினேன்.

பதினோரு மணிக்கு ஊசிப்பாறையின் கிழக்குச் சரிவு வழுக்கி வந்து எங்கள் ஊரான அத்திக்காட்டின் கீழ்வரிசையை மூடியது. ஏழு வீடுகள். எங்களுடையது மூன்றாவது.

மண்ணின் மேல் எனக்கு வழக்கு கிடையாது. அந்த மாதிரி மழை பெய்தால் எந்த மலையும் சரியும். நான் எழுத உட்கார்ந்தது அதற்கு ஆறு வருடம் முன்னால் தொடங்கிய ஒன்றைப் பற்றி.

ஊசிப்பாறை உச்சியில் தொலைநோக்கி கட்டி முடித்த வருடம், அங்கே ஆராய்ச்சி செய்ய வந்த எஸ்தர் பொன்மலர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. பெரிய படிப்பெல்லாம் படித்தவள், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஊரில் ப்ளஸ் டூ முடித்த ஒரே பெண் நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை ஊர்த் தொடர்பாளராக வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சுருளிவேல் மிளகுக்கொடி பார்ப்பவர், மரம் ஏறுவதில் கெட்டிக்காரர். அவருக்கும் வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு எஸ்தர் எங்களை ஓடைக்குக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, தண்ணிக்குள்ள கெடக்குற அந்த வெள்ளைக் கல்லைப் பாருங்க. ஆடுதா?"

"கல்லு எங்க ஆடுது? தண்ணிதான் ஆடுது."

"அதேதான். காத்தும் ஓடைதான். நாம அதோட அடியில நின்னு மேல பாக்கோம். நட்சத்திர வெளிச்சம் அவ்வளவு தூரம் நேரா வந்துட்டு, கடைசியில இந்தக் காத்துக்குள்ள வந்து ஆடிப்போவுது."

"அப்ப நாம மீனு" என்றார் அவர்.

"மீனேதான்!" என்று எஸ்தர் சிரித்தாள். "அந்த ஆட்டத்துக்குத் தக்கன கண்ணாடியை வளைச்சு வளைச்சு சரிபண்ணலாம். வெப்பக் கதிர்ல உலகத்துல நெறய பேர் செஞ்சுட்டாங்க. கண்ணுக்குத் தெரியுத வெளிச்சத்துலதான் கஷ்டம். அதோட அலை ரொம்பப் பொடிசு. காத்துல ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தாலும் கலங்கிரும். சுருக்கம் வந்த பொறவு கண்ணாடியை வளைச்சா நேரம் தப்பிரும். வரதுக்கு முன்னாடியே தெரியணும்."

"காத்து வர்றதுக்கு முன்னாடி அது எப்பிடி வரும்னு சொல்லணும்ங்கறீக."

"ஆமாண்ணே. இந்தப் பள்ளத்தாக்குக் காத்து முழுசையும் எண்ணணும்."

அப்படித்தான் நானூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள் வந்தன. ஒல்லியான ஒற்றைக் கால், வெள்ளைத் தலை. கூரையிலும் வரப்பிலும் பாறையிலும் நட்டார்கள். ஊரில் முதல் நாளே அதற்குக் கொக்கு என்று பேர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு கொக்கும் நொடிக்கு ஆயிரம் முறை காற்றைத் தொட்டுப் பார்த்து மேலே சொல்லும். பாதிக்குமேல் நட்டது சுருளிவேல்தான்.

முதல் வருடம் படம் சரியாக வரவில்லை. எஸ்தர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, நான் வைத்த சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஒரு மாலை அவர் அவளுடைய அறைக்குப் பழுதான கொக்கு ஒன்றைக் கொண்டுபோனார். நானும் போயிருந்தேன். திரையில் பள்ளத்தாக்கின் காற்று ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் மட்டும் சின்னச் சின்னதாகக் கொதிப்புகள்.

அவர் விரலை வைத்தார். "இது அங்காயி மதினி வீடு. இது சடையாண்டி வீடு, அவன் பொண்டாட்டி எப்பவும் லேட்டாத்தான் உலை வைப்பா. இது நம்ம வீடு. பவளம், அடுப்ப அமத்தாமயா வந்த?"

எஸ்தர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தொன்று. எங்கள் ஊரில் வீடுகளும் நாற்பத்தொன்றுதான். சாயங்காலம் பாறையோடு ஒட்டி மேலே ஏறும் காற்று அத்தனை அடுப்பின் சூட்டையும் தொலைநோக்கியின் வாய்க்கே கொண்டுபோய்க் கொண்டிருந்தது.

"அணைச்சா மட்டும் பத்தாதும்மா" என்றார் அவர். "கல்லடுப்பு ஆறு மணி நேரம் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். மண்ணடுப்பு நாலு. நீங்க பொழுதடையப் படம் பிடிக்கணும்னா மத்தியானமே அமத்தணும்."

எஸ்தர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

வீடு வீடாகப் போய்க் கேட்டது நான். அங்காயி மதினி வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏன்டி, வானத்துல இருக்கிற நச்சத்திரத்துக்கு எங்க அடுப்புப் புகை கண்ணைக் கரிக்குதாக்கும்?"

"புகை இல்ல மதினி, சூடு."

"சூடு வேற தாங்காதா? நல்ல நச்சத்திரம்டி. கட்டிக்கிட்டவன் பாவம்."

ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். சுருளிவேல் கேட்டதற்காக, எனக்காக, எஸ்தர் எல்லா வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை என்பதற்காக. பிறகு ஒரு வழக்கமே உருவாகிவிட்டது. தை முதல் வைகாசி வரை, வானம் தெளிந்த நாட்களில் காலையில் உச்சியில் வெள்ளைக்கொடி ஏறும். அதைப் பார்த்ததும் கல்லடுப்புக்காரர்கள் பத்தரைக்குள், மண்ணடுப்புக்காரர்கள் பன்னிரண்டுக்குள் சமையலை முடித்து நெருப்பை அணைத்துவிட வேண்டும். ராத்திரிக்குக் கம்பங்கூழ், அவல், பொரிகடலை. பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு மட்டும் விலக்கு. சடையாண்டி மகள் பிரசவத்துக்கு வந்த மாசியில் படத்தின் ஓரத்தில் ஒரு கலங்கல் விழுந்தது. எஸ்தர் அதைக் காட்டி, "பாப்பாவுக்கு வெந்நீர்" என்று சிரித்தாள்.

"ஊர்ப் பேரு, ஒங்க பேரெல்லாம் இதுல வரும்க்கா" என்று அன்றைக்குத்தான் சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

மூன்றாம் வருடம் பங்குனியில் அந்தப் படம் கிடைத்தது. பக்கத்து நட்சத்திரம் ஒன்றின் முகம். அதுவரை எல்லாக் கருவிக்கும் வெறும் புள்ளியாக இருந்தது வட்டமாக, மேடும் கறையுமாக, ஓரத்தில் தீ நாக்கு ஒன்று எழும்புவதுகூடத் தெரிய வந்தது. தரையிலிருந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அவ்வளவு துல்லியமாக எவரும் எடுத்ததில்லை என்றார்கள். எஸ்தர் அதைப் பள்ளிக்கூடச் சுவரில் பெரிதாகக் காட்டினாள்.

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரியில்ல இருக்கு" என்றாள் அங்காயி மதினி. "இதுக்கா ரெண்டு வருசமா பச்சைத்தண்ணியில குளிச்சோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள்தான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவள்.

அந்தப் படம் வந்த கட்டுரையை எஸ்தர் எனக்கு அச்செடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். அகராதி வைத்துக்கொண்டு என்னால் வாசிக்க முடியும். முதல் பக்கத்தை வாசித்தேன். படத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வாசிக்கத் தெரியும் என்பதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

மண் சரிந்த செய்தி சின்னக்கோம்பையில் எனக்கு ஒன்றரை மணிக்குத் தெரிந்தது. மேலே செல்ஃபோன் கோபுரம் விழுந்து ஃபோன் போகவில்லை, பாதையும் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் மீட்பு முகாம் போட்டிருந்தார்கள். பொறுப்பில் இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"அத்திக்காடா? எங்கம்மா இருக்கு?"

"ஊசிப்பாறைக்குக் கீழ சார். நாப்பத்தியோரு வீடு."

திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அங்க குடியிருப்பு இல்லைம்மா. எஸ்டேட் லைன் வீடுகளைச் சொல்றீங்களா? அங்க டீம் போயாச்சு."

"சார், எங்க வீடு அங்கதான் இருக்கு. எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார்."

"நான் இல்லைன்னு சொல்லலம்மா. எங்கிட்ட இருக்கிறது மூணு டீம். ஆள் இருக்கிற இடம்னு உறுதியானதுக்குத்தான் முதல்ல அனுப்ப முடியும். இது சாதாரண மேப் இல்ல. மேல டெலஸ்கோப்காரங்க கொடுத்தது. காத்தையே எண்ணி வச்சிருக்காங்க. ஒரு ஊரே இருக்கிறது அவங்களுக்குத் தெரியாமப் போகுமா?"

எஸ்தருக்கு ஃபோன் போட்டேன். அவள் அப்போது சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள். அதிகாரி மேப்பைப் பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். "நான் அவங்ககிட்ட பேசுதேன்க்கா, இப்பமே பேசுதேன்" என்றாள். அவள் பேசினாள். அதிகாரி ஃபோனில் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், ஏதோ எழுதிக்கொண்டார். அன்றும் ஆள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் போனார்கள். அவர்களோடு நானும் நடந்தேன்.

மேல்வரிசைக்காரர்கள் கைகளாலும் மண்வெட்டியாலும் தோண்டி எங்கள் வீட்டு உத்தரம் வரை வந்திருந்தார்கள். அதன் மேல் ஒரு பாறை. அதற்குமேல் அவர்களால் முடியவில்லை.

அங்காயி மதினியின் நகங்கள் பெயர்ந்திருந்தன. "பேசுனான்டி" என்றாள். "முந்தாநாளும் பேசுனான், நேத்துச் சாயங்காலம் வரைக்கும் பேசுனான். தண்ணி கேட்டான். கொக்கு ஒயரு வந்த குழாயை உருவி உள்ள விட்டுத் தண்ணி ஊத்துனோம். ஆளு வருதா மதினி, ஆளு வருதா மதினின்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். வருதுய்யா, பக்கத்துல வந்துட்டாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இன்னும் என்னத்தச் சொல்ல?"

கருமாதி முடிந்து இரண்டாம் நாள் பீரோவைத் தேடினேன். மண்ணுக்குள் நசுங்கிக் கிடந்தாலும் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. முகாமில் உட்கார்ந்து புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். நான்காம் பக்கத்தில், இடத்தைப் பற்றிய பத்தியில் அது இருந்தது. தொலைநோக்கிக்குக் கீழுள்ள பள்ளத்தாக்கில் குடியிருப்பு இல்லை. எனவே மனிதர் உண்டாக்கும் வெப்பம் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். கண்ணாடி வார்த்தவர்களுக்கு, பணம் கொடுத்தவர்களுக்கு, சென்னையில் கணக்குப் போட்டவர்களுக்கு.

உச்சிக்கு நடந்தே போனேன். எஸ்தர் சாப்பாட்டு அறையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். நான் கட்டுரையை மேசைமேல் அந்தப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"இத எழுதுனது யாரு?"

அவள் உட்கார்ந்தாள். "நான்தான்க்கா."

"எதுக்கு?"

"எங்க கருவியே எல்லாக் காத்தையும் சமாளிச்சிரும்னு சொல்லித்தான் அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு அனுமதி கேட்டிருந்தோம். கீழ நாப்பத்தியோரு வீட்டுல அடுப்பை அமத்துனாங்கன்னு எழுதுனா, 'அப்பம் ஒங்க கருவி எதுக்கு?'ன்னு கேப்பாங்க. ஒரு வரிதானேன்னு நெனச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்க்கா. அதை மேப்புல ஏத்துவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதனால் அடுத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நான் ஃபோன் போட்டப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஆபீசர்கிட்ட என்ன சொன்ன?"

அவள் மேசையைப் பார்த்தாள்.

"சொல்லு."

"தகவல் பழசா இருக்கலாம், ஒரு தடவை சரிபாருங்கன்னு சொன்னேன்."

"பழசா இருக்கலாம்."

"அக்கா..."

"தப்புன்னு சொல்லல. நான்தான் பொய் எழுதுனேன், அங்க ஆளு இருக்கு, நான் அவுக வீட்டுல ஆறு வருசமா சாப்பிட்டிருக்கேன்னு சொல்லல."

"கூட்டத்துல எல்லாரும் பக்கத்துல இருந்தாங்கக்கா" என்றாள்.

அவள் அழுதாள். நான் அழவில்லை. உத்தரத்துக்குக் கீழே அவர் கேட்டுக்கொண்டு கிடந்த இரண்டு பகலும், கூட்டத்தில் அவள் பக்கத்தில் இருந்த முகங்களும் என் மனதில் ஒன்றாக வந்தன. அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்த வரியை மாற்ற வேண்டும். நாங்கள் அங்கே இருந்தோம் என்று எழுத வேண்டும். மாற்றுகிறேன் என்றாள்.

அந்தத் தை மாதமே எங்கள் எல்லாரையும் சமவெளிக்கு இறக்கிவிட்டார்கள். சரிவு ஆபத்து என்றார்கள். அது உண்மைதான். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடு, கேஸ் அடுப்பு. அங்காயி மதினி எனக்கு எதிர்வீடு. நான் ஒவ்வொரு மாதமும் ஆய்வு நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு அந்தப் பதிலும் நின்றது.

மூன்று வருடம் கழித்து, சித்திரையில் ஒரு மத்தியானம், எஸ்தர் காலனிக்கு வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு கோப்பு. அங்காயி மதினி தெருவிலேயே அவளைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க டாக்டரம்மா. அடுப்ப அமத்தணுமா?"

எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

"அந்தத் திருத்தத்துக்கு எழுதியிருக்கேன்க்கா" என்றாள். "ஆனா அந்தப் படிவத்துல இப்பம் உள்ள நிலைமையைத்தான் கேக்காங்க. போன மாசம் ஆள் அனுப்பி அளந்தாங்க. பள்ளத்தாக்குல இப்பம் ஒரு வீடும் இல்ல. அதுனால..."

"அதுனால அந்த வரி இப்ப சரியாப்போச்சு."

அவள் தலையசைத்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கோப்பைத் திறந்தாள்.

"இன்னொரு விசயம்க்கா. ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். நீங்கெல்லாம் எறங்கின பொறவு, ஒரு நல்ல படம்கூட வரல்ல. அடுப்பே இல்ல, ஆளே இல்ல, இன்னும் தெளிவா வரணும். ஆனா முன்னைவிட மோசமாக் கலங்குது. சரிவுல இருந்து சூடு ஏறுது. என்னன்னே புடிபடல. சுருளி அண்ணன் வேற ஏதாவது செஞ்சாங்களா? நீங்க ஏதாவது செஞ்சீங்களா? அது தெரிஞ்சா கட்டுரையில எழுதலாம். அப்பம் ஊரு இருந்துச்சுன்னு ஒரு அடிக்குறிப்பாவது போடலாம்."

என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. வெள்ளைக்கொடி ஏறிய நாட்களில் பெண்களுக்குச் சாயங்காலச் சமையல் கிடையாது. கை சும்மா இருக்கிறதே என்று எல்லாரும் சேர்ந்து வாய்க்காலைத் திறந்து, அடுக்கு வயல் முழுக்க பொழுது சாயும்வரை தண்ணீர் பாய்ச்சுவோம். பாட்டும் வம்புமாக நடக்கும். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாரும் எங்களைக் கேட்டதும் இல்லை. சரிவு முழுக்க ஈரத்தில் குளிர்ந்து கிடக்கும். இப்போது வாய்க்கால் தூர்ந்திருக்கும். வயல் வெறும் கல்லாகி, பகலெல்லாம் காய்ந்த சூட்டைச் சாயங்காலம் விட்டுக்கொண்டிருக்கும்.

எதிர்வீட்டு வாசலில் அங்காயி மதினி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் தெரியும். என்னைப் பார்த்தாள்.

எஸ்தர் நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தாள். அதே மாதிரிதான், அன்றைக்கு அவர் கல்லடுப்பைப் பற்றிச் சொன்னபோதும்.

"நாங்க ஒண்ணும் செய்யல எஸ்தரு" என்றேன். "அங்க ஊரு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் அதை எழுதவில்லை. பேனாவை மூடினாள். வாசலில் செருப்பைப் போடும்போது, "அக்கா, நான் இனி வரக்கூடாதா?" என்றாள். அவள் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வீடு இருந்த இடத்தைப் பார்த்துவர, சின்னக்கோம்பையிலிருந்து மேலே போகும் மலைப் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் வேலைக்குப் புதுசு. எங்கே இறங்கணும் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த இயந்திரத்தைத் தட்டி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அத்திக்காடு என்று அச்சாகியிருந்தது.